பத்தாவது ஆளை எடுக்கலாமா?

கேள்வி: ஆடிட்டர் ஐயா, பாபநாசம் வட்டத்தில் அப்பா காலத்திலிருந்து ரைஸ் மில் நடத்துகிறோம். மாதம் சுமார் 150 டன் நெல் அரைக்கிறோம், பெரும்பாலும் புழுங்கல். சம்பளப் பட்டியலில் ஒன்பது பேர் இருக்கிறார்கள், சராசரியாக ஆளுக்கு 15,000 ரூபாய். கடன் வாங்கி, நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் சார்டெக்ஸ் மெஷின் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர், சிப்பம் கட்ட ஒருவர் என்று இன்னும் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஆனால் பத்தாவது ஆள் வந்தாலே இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) வந்துவிடும் என்கிறார்கள். என் மனைவி பெயரில் இன்னொரு ஃபர்ம் ஆரம்பித்து அந்த இரண்டு பேரை அதில் காட்டிவிடச் சொல்கிறார் மச்சான். இந்த வரியும் சட்டமும் இல்லையென்றால் நானே இன்னும் நாலு பேருக்கு வேலை கொடுப்பேன், இருப்பவர்களுக்கும் கூட்டிக் கொடுப்பேன். அரசாங்கம்தான் வேலையைக் கெடுக்கிறது என்று நான் நினைப்பது தப்பா? 26 கிலோ சிப்பத்திலேயே தொடர்ந்து ஓட்டலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள நண்பருக்கு, நீங்கள் நினைப்பதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பேசிவிடுகிறேன். மில் முதலாளிகள் இதைச் சொன்னால் லாபத்துக்காகப் புலம்புகிறார்கள் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

இஎஸ்ஐ 10 பேரிலிருந்து தொடங்குகிறது. முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். பத்தாவது ஆளைச் சேர்த்ததும் அந்த ஒருவருக்கு மட்டும் கட்டினால் போதாது, ஏற்கெனவே இருக்கும் ஒன்பது பேருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். பத்துப் பேரின் சம்பளம் 1,50,000 ரூபாய். அதில் 3.25 சதவீதம் 4,875 ரூபாய். அதாவது பத்தாவது ஆளின் சம்பளம் 15,000, உங்களுக்கு ஆகும் கூடுதல் செலவு 19,875. பதினோராவது ஆளுக்கு ஆகும் செலவோ 15,487 ரூபாய் 50 காசுதான். ஒரே வேலை, ஒரே சம்பளம், ஆனால் வரிசையில் பத்தாவதாக நிற்பவர் மட்டும் உங்களுக்குப் பாரமாகத் தெரிகிறார்.

பிஎஃப்-இல் இது இன்னும் செங்குத்தாக இருக்கிறது. அது 20 பேரிலிருந்து கட்டாயம். முதலாளியின் பங்கு 12 சதவீதம், காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்தால் 13 சதவீதம். சம்பளம் முழுவதும் பிஎஃப் கணக்கில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 20 பேருக்கு மாதம் 39,000 ரூபாய். இருபதாவது ஆளை எடுக்கும் முதலாளிக்கு அந்த ஒரே ஆளால் ஏறும் செலவு ஏறக்குறைய 54,500 ரூபாய். பத்தொன்பதோடு நின்றுவிடுகிற நிறுவனங்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கோட்டைத் தாண்டியதும் முழுச் சுமையும் ஒரேயடியாக இறங்கும்படி சட்டம் எழுதியிருந்தால், எல்லோரும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கத்தான் பார்ப்பார்கள். அதில் கெடுவது அந்தப் பத்தாவது, இருபதாவது ஆளின் வேலை. முதல் ஒன்பது பேருக்கு எதுவும் இல்லை, பத்தாவது ஆளிலிருந்து அந்தந்த ஆளுக்கு மட்டும் கட்டினால் போதும் என்று படிப்படியாக ஏற்றலாம். அல்லது ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் அவருக்கும் உண்டு என்று முதலிலிருந்தே வைத்து, சின்ன நிறுவனங்களின் பங்கை அரசு ஏற்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. ஒன்பது பேர் உள்ள மில்லில் கை நசுங்கினாலும் கை கைதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் கணக்கையே அரிசியில் வைத்துப் பாருங்கள். 150 டன் நெல்லில் புழுங்கல் அரிசி 68 சதவீதம் என்றால் மாதம் 102 டன். இரண்டு பேரையும் சேர்த்துப் பதினோரு பேருக்கு இஎஸ்ஐ பங்கு மாதம் 5,362 ரூபாய் சொச்சம். கிலோவுக்குப் பிரித்தால் ஐந்து பைசாவுக்குச் சற்று மேல். நெல் விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் உங்கள் அரிசியின் அடக்கவிலை கிலோவுக்கு 1 ரூபாய் 47 காசு ஏறும். அதாவது இஎஸ்ஐயைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல். உங்கள் மில்லின் தலையெழுத்தை நிர்ணயிப்பது நெல் விலை. அந்த நெல் விலையில் அரசின் கை இஎஸ்ஐயைவிட எவ்வளவோ ஆழமாக இருக்கிறது. நீங்கள் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 156, ஆக 2,545. பொது ரகத்துக்கு 2,500. வெளிச்சந்தையில் நெல் வாங்கும் நீங்கள் இந்த விலையோடுதான் போட்டி போட வேண்டும். 2,545-க்கு வாங்கினால் நெல்லுக்கு மட்டுமே கிலோ அரிசிக்கு 37 ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறது. நிலையம் திறக்கத் தாமதமானாலோ, மழையில் நனைந்து 17 சதவீத ஈரப்பத அளவைத் தாண்டியதென்று நெல்லைத் திருப்பி அனுப்பினாலோ, அதே விவசாயி உங்கள் மில் வாசலுக்கு வருகிறார், விலை இறங்குகிறது. குறுவை அறுவடை மழையில் மாட்டும் வருஷங்களில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த நாட்களில் உங்களுக்குக் கிடைக்கும் மலிவு நெல், அரசு தன் வேலையைச் சரியாகச் செய்யாததால் கிடைப்பது. விவசாயியின் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் குறைந்தபட்ச விலைதான் அவருக்குப் பிடிமானம்.

இன்னொன்று ஏற்றுமதித் தீர்வை. வரி எங்கே வாங்கப்படுகிறது, யார் தலையில் போய் இறங்குகிறது என்பதற்கு நம் தொழிலில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2023 ஜூலை 20-இல் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை மத்திய அரசு நிறுத்தியது. ஆகஸ்ட் 25 முதல் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதித் தீர்வை போட்டது. 2024 செப்டம்பர் கடைசியில் அது 10 சதவீதமாகக் குறைந்து, அக்டோபரில் முழுவதும் நீங்கியது. நாட்டுக்குள் அரிசி விலை ஏறாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. காக்கிநாடா துறைமுகத்தில் பணம் கட்டியவர் ஏற்றுமதியாளர். அவர் கையிலிருந்தே அந்தப் பணம் போனதா? ஆப்பிரிக்காவில் வாங்குபவருக்கு வேறு நாட்டு அரிசி கிடைத்தால் அவர் விலையை ஏற்றித் தரமாட்டார். அப்போது ஏற்றுமதியாளர் மில்லில் விலையைக் குறைத்துக் கேட்பார், மில் நெல்லில் குறைத்துக் கேட்கும். கடைசியில் நிற்பவர் விவசாயி. அவர் வயலைத் தூக்கிக்கொண்டு வேறு எங்கும் போக முடியாது. எந்த வரியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்: சட்டம் யார் பெயரை எழுதியிருந்தாலும், விலகிப்போக வழியில்லாதவர் மேல்தான் அதிகம் இறங்கும்.

இதே கண்ணோடு உங்கள் மில்லுக்கு வருவோம். இஎஸ்ஐயில் 3.25 உங்கள் பங்கு, 0.75 அவர்கள் பங்கு என்பது காகிதத்தில் உள்ள பிரிப்பு. சார்டெக்ஸ் ஓட்டத் தெரிந்த பையனுக்கு நீங்கள் சம்பளத்தைக் குறைத்தால் அவன் திருப்பூருக்கோ காங்கேயத்துக்கோ பஸ் ஏறிவிடுவான். அவன் விஷயத்தில் சுமை உங்களுடையது. களத்தில் நெல் துழாவும் அம்மாவுக்கு வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுப் போக வழியில்லை. அவர் சம்பள உயர்வு இந்த வருஷம் தள்ளிப்போனால், உங்கள் பங்கையும் சேர்த்து அவர்தான் கட்டியிருக்கிறார் என்று அர்த்தம். "வரி இல்லையென்றால் கூட்டிக் கொடுப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மனசாட்சியோடு எழுதியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் கேட்கிறேன், இந்த ஒன்பது பேருக்கு இன்று வரை இஎஸ்ஐ இல்லையே. அந்த மிச்சம் அவர்கள் சம்பளத்தில் தெரிகிறதா?

அப்புறம் 26 கிலோ சிப்பம். அதுவும் இந்தக் கோட்டு விவகாரம்தான். 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் இல்லை. உடனே தமிழ்நாடு முழுக்க 26 கிலோ சிப்பம் வந்தது. சட்டப்படி அதில் தவறு இல்லை. கடைக்காரர் அதைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தாலும் வரி இல்லை. ஆனால் பத்துப் பத்துக் கிலோவாக லேபிளோடு கட்டி அவற்றைப் பெரிய சாக்கில் போட்டு அனுப்பினால் வரி உண்டு, அதில் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். 50 ரூபாய் அரிசியில் 5 சதவீதம் இரண்டரை ரூபாய். பக்கத்து மில் 26 கிலோவில் விற்கும்போது நீங்கள் மட்டும் அதை ஏற்ற முடியாது. ஆகவே இப்போதைக்கு 26-இலேயே இருங்கள். ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள். வரியில்லாத சரக்கு விற்பவருக்கு உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்கும் உரிமையும் இல்லை. சார்டெக்ஸ் மெஷினுக்கும் சாக்குக்கும் உதிரிபாகத்துக்கும் நீங்கள் கட்டிய ஜிஎஸ்டி உங்கள் அடக்கவிலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு 5 கிலோ, 10 கிலோ பாக்கெட்டில் இறங்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பங்குக்கு உள்ளீட்டு வரி கிடைக்கும். அந்தக் கணக்கை மெஷின் வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். அடுத்த மெஷினுக்காவது போடுங்கள்.

சம்பளத்தைச் சட்டம் போட்டு ஏற்றினால் வேலை போய்விடும் என்ற பேச்சுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அது அடியில் ஓடுகிறது. காவிரிப் படுகைக்கு இந்த விவாதம் புதிதல்ல. பண்ணையாள் என்ற நிரந்தரப் பண்ணைத் தொழிலாளியின் கூலிக்காக 1948-இல் மாயவரம் ஒப்பந்தம், 1952-இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். பண்ணையாளுக்குப் பாதுகாப்பு என்று வந்ததும் பல மிராசுதாரர்கள் செய்தது என்ன தெரியுமா? பண்ணையாளை நிறுத்திவிட்டு அதே ஆளைத் தினக்கூலியாகக் கூப்பிட்டார்கள். சட்டம் காப்பாற்ற நினைத்த உறவே காணாமல் போயிற்று. எந்தச் சட்டத்தையும் எழுதுபவர் இதை மறக்கக் கூடாது. அதே சமயம், சட்டம் இல்லாமல் பேச்சுவார்த்தைக்கே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. கூலி உயர்வு கேட்ட தகராறில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. உங்கள் தொழிலுக்கும் இதில் பழைய இடம் உண்டு: 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் முதல் பட்டியலிலேயே ரைஸ் மில் இருந்தது.

ஏற்றினால் வேலை போகுமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் ஏற்றவில்லை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரண்டு பக்கத்து உணவகங்களையும் ஒப்பிட்டார்கள். ஏற்றிய பக்கம் வேலை குறைந்ததற்கான அடையாளம் இல்லை. 2021-இல் கார்டுக்குப் பொருளாதார நோபல் கிடைத்ததற்கு இந்த ஆராய்ச்சியும் காரணம். சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரே ஒரு மில்தான் இருக்கிறதென்றால், அந்த மில் கொடுக்கும் கூலி தொழிலாளியின் உழைப்புக்குக் கீழேயே நின்றுவிட வாய்ப்பு அதிகம். அங்கே ஓரளவு ஏற்றுவதால் வேலை போகாது, ஆட்கள் நிற்பார்கள். அளவு மீறி ஏற்றினால் நெல் உலர்த்தும் ட்ரையர் வரும். அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ட்ரையர் கூலியால் மட்டும் வருவதில்லை. ஐப்பசி மழையில் களத்தில் காயவைத்து அவதிப்பட்ட எந்த மில்காரரும், கூலி ஏறாவிட்டாலும் ட்ரையர் வாங்கத்தான் நினைப்பார். களத்து வேலையை இழந்த பெண்களைப் பற்றிப் பேசும்போது எல்லாப் பழியையும் கூலிச் சட்டத்தின் மேல் போடுவது உண்மையாகாது.

இனி மச்சான் சொன்ன யோசனை. செய்யாதீர்கள். ஒரே வளாகம், ஒரே கரன்ட் இணைப்பு, ஒரே மேற்பார்வை, ஒரே சரக்கு என்று இருந்தால் இரண்டு பெயர்ப் பலகை மாட்டினாலும் ஒரே நிறுவனமாகத்தான் சேர்ப்பார்கள். பழைய பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து வரும். அதைவிட முக்கியமாக, உங்கள் கடிதத்தில் லோடுமேன்கள் எங்கே? மாதம் 150 டன் நெல் தானாக இறங்காது. மில்லுக்குள் ஒப்பந்தக்காரர் மூலம் மூட்டை தூக்குபவர்களையும் இஎஸ்ஐ எண்ணிக்கையில் சேர்க்கும். பழைய இஎஸ்ஐ சட்டத்தில், கடந்த 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் வேலை செய்திருந்தாலே போதும் என்று இருந்தது. நீங்கள் பத்தாவது ஆளை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள், பத்தாவது ஆள் ஏற்கெனவே உங்கள் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறார் என்பது என் கணிப்பு. ஒருமுறை இஎஸ்ஐக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட உங்களை உறங்கவிடாமல் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. இஎஸ்ஐ இல்லாத மில்லில் எலிவேட்டர் பெல்ட்டில் சிக்கி 30 வயது தொழிலாளி ஒருவர் இறந்துபோனால், இழப்பீட்டுச் சட்டப்படி சம்பளத்தில் பாதியை 207.98-ஆல் பெருக்கி நீங்கள் கொடுக்க வேண்டும். 15,000 சம்பளத்துக்கு அது 15,59,850 ரூபாய். பதினோரு பேருக்கு வருஷம் முழுக்க நீங்கள் கட்டப்போகும் இஎஸ்ஐ 64,350. இருபத்து நான்கு வருஷக் கட்டணம் ஒரே நாளில் கேட்கப்படும். இஎஸ்ஐயில் இருந்தால் அந்தப் பொறுப்பு இஎஸ்ஐ கழகத்துடையது. இறந்தவர் குடும்பத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம் போகும். காயம் பட்டு வேலைக்கு வர முடியாத நாட்களுக்கும் 90 சதவீதம், நோய் என்றால் வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதம், பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். உங்கள் 3.25 சதவீதத்தை வரி என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. சிப்பம் கட்டும் பெண்ணிடம் இதை விவரமாகச் சொல்லுங்கள். தன் சம்பளத்தில் பிடிக்கும் 112 ரூபாய் 50 காசு எதற்கு என்று தெரிந்தால் அவர் மறுக்க மாட்டார். மருத்துவமனை தூரம், மருந்தகத்தில் கூட்டம் என்று குறை சொல்வார்கள். குறை உண்மைதான், கட்டணம் வாங்குகிற அரசு அதைச் சரிசெய்ய வேண்டும், அதற்காக நாமும் மனு போட வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்த வரையறை அதில் 20 பேர் ஆகியிருக்கிறது. உங்களுக்கு அது ஓரளவு நிம்மதி. ஆனால் இஎஸ்ஐக்கு 10, பிஎஃப்-க்கு 20 என்ற கோடுகள் அப்படியேதான் இருக்கின்றன. ஏற்கெனவே பிஎஃப்-இல் இருக்கும் சிறு நிறுவனங்களுக்கு வேறொரு சலுகை நடப்பில் உண்டு: 50 பேருக்குக் குறைவாக உள்ளவர்கள் கூடுதலாக இரண்டு பேரையாவது எடுத்து ஆறு மாதம் வைத்திருந்தால், 10,000-க்கு மேல் 20,000 வரை சம்பளம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 2,000 ரூபாய் முதலாளிக்கு. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு இது. உங்கள் மில்லுக்கு இப்போது பொருந்தாது. பெரிதாகும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இரண்டு பேரையும் வேலைக்கு எடுங்கள், உங்கள் மில்லின் பெயரிலேயே எடுங்கள். எண்ணிக்கை பத்தைத் தொட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் இஎஸ்ஐயில் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு மாதக் கட்டணமும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள். பதிவுக்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் சம்பளப் பட்டியலோடு, லோடுமேன் ஒப்பந்தக்காரருக்குக் கடந்த 12 மாதங்களில் கொடுத்த பணத்தின் ரசீதுகளையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். எந்தத் தேதியிலிருந்து பதிவு செய்வது என்பதை அதை வைத்துத்தான் அவர் சொல்ல முடியும்.